கப்பல் காத்திருக்காது!

உசிலம்பட்டிக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. 58 கிராமக் கால்வாயில் இந்த வருஷமாவது தண்ணீர் வருமா என்று வானத்தையும் வைகை அணையையும் மாறி மாறிப் பார்க்கிற பூமி. ஆனாலும் தண்ணீருக்குள் பாய்கிற விஷயத்தில் இந்தப் பக்கத்துப் பையன்களை லேசாக நினைத்துவிட முடியாது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டால் நாலே நாளில் நீச்சல். அடுத்த வாரம் மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதி. அதற்கப்புறம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, அடிமண்ணை அள்ளிக்கொண்டு வந்து காட்டினால் பட்டம் வாங்கின மாதிரி!

அப்படி வளர்ந்த பையன் ஒருவன் வேலைக்குப் போய், கையில் நாலு காசு பார்த்து, சொகுசுக் கப்பலில் டிக்கெட் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்றும் கற்பனைக்கு எட்டாத விஷயம் இல்லை. 2023 ஜூன் 5-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற கப்பல் இலங்கைக்குக் கிளம்பியது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று ஊர்கள். சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளைகள் அப்பா அம்மாவைப் பினாங்கு, புக்கெட் என்று கப்பலில் கூட்டிப்போவதும் சகஜமாகிவிட்டது. கப்பல் ஒவ்வொரு ஊரிலும் எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் ஸ்கூபா டைவிங் போனால் என்ன என்று தோன்றுவது இயல்புதான்.

இதில் இரண்டு வழி. கப்பல்காரர்களே ஏற்பாடு செய்கிற சுற்றுலாவில் பணம் கட்டிப் போகலாம். இல்லையென்றால், கரையில் இருக்கிற டைவிங் கடையிடம் தானே முன்கூட்டிப் பேசி வைத்துக்கொண்டு போகலாம். இரண்டாவது வழியில் செலவு பெரும்பாலும் குறைவு. கூட்டமும் இருக்காது. "அப்படியானால் தனியாகவே போகலாமே, எதற்குக் கப்பல்காரனுக்குத் தண்டம் அழ வேண்டும்?" என்று கேட்பவர்கள் அதிகம். கேள்வி சரிதான், கணக்குதான் தப்பு.

கப்பல்காரர்கள் கூடுதலாக வாங்குகிற பணம் வெறும் கமிஷன் இல்லை. அதற்குள் ஒரு காப்பீடு ஒளிந்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய வண்டி வழியில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். அப்படியே காத்திருக்க முடியாமல் போனாலும், அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பொதுவாக அவர்கள் பொறுப்பு. தனியாகப் போனவருக்கு இது எதுவும் கிடையாது. அவர் தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் சரி, ஆட்டோவில் வந்துகொண்டிருந்தாலும் சரி, கப்பல் கிளம்பிவிடும். ஆக, தனியாகப் போய் மிச்சம் பிடித்தது லாபம் இல்லை. கட்டாமல் விட்ட இன்சூரன்ஸ் பிரீமியம். அந்த ரிஸ்க்கை இப்போது சுமப்பது போகிறவரின் தலை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' ஞாபகம் இருக்கும். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கிற பிரேக் ஈவன் புள்ளிக்கு மேல் விற்பனை எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதுதான் அது. இங்கே ரூபாய்க்குப் பதில் மணியைப் போட்டுப் பாருங்கள்.

திருகோணமலையையே எடுத்துக்கொள்ளலாம். டைவிங் போகிறவர்கள் அங்கே தேடிப்போவது நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் இருக்கிற புறாத்தீவை. பவளப்பாறைகளும் கருந்துடுப்புச் சுறாக்களும் உள்ள இடம். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒரு உதாரணத்துக்கு, கப்பல் காலை 8 மணிக்கு வருகிறது, மாலை 5 மணிக்குள் எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்று வைப்போம். குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர 9.30. நிலாவெளி போய்ச் சேர 10.15. படிவம் நிரப்பி, உடையும் உபகரணமும் மாட்டி, சொல்லிக்கொடுப்பதைக் கேட்டு முடிக்க 11. படகில் போய்த் தண்ணீரில் இறங்க 11.30. முக்கால் மணி நேர டைவ் முடிந்து மேலே வர 12.15. கரைக்கு வந்து, உடை மாற்றி, துறைமுகம் திரும்ப 2.15. கையில் மிச்சம் இரண்டே முக்கால் மணி நேரம்.

"வந்தது வந்தோம், இன்னொரு டைவ் போட்டுவிடலாம்" என்கிற ஆசை இங்கேதான் வரும். நடுவில் மேலே ஒரு மணி நேரமாவது இளைப்பாற வேண்டும். அதற்கப்புறம் இன்னொரு முக்கால் மணி நேரம். துறைமுகம் திரும்பும்போது மணி 4. மிச்சம் ஒரே ஒரு மணி நேரம். படகு மோட்டார் ஒருமுறை மக்கர் செய்தால் போதும், அந்த ஒரு மணி நேரமும் காலி. அதனால் தனியாகப் போகிறவர்கள் ஒரு டைவோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். பணத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் செலவு செய்துதான் ஆக வேண்டும்.

இலங்கையில் கடிகாரப் பிரச்சினை இல்லை, இந்திய நேரம்தான். ஆனால் சிங்கப்பூரிலிருந்து புக்கெட் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். கப்பலில் எந்த நேரத்தை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்கு அனுப்புகிற ஊர்களில் அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இதுவரை சொன்னது கப்பலைத் தவறவிடுகிற கதை. உயிர் சம்பந்தப்பட்ட கதை இனிமேல்தான்.

கிணற்றில் முங்கினவனுக்கு மூச்சைப் பிடிப்பதுதான் முதல் பாடம். ஸ்கூபாவில் மூச்சைப் பிடிக்கவே கூடாது என்பதுதான் முதல் பாடம்! பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அதே காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியலாம். கிணற்றில் இந்த ஆபத்து இல்லாததற்குக் காரணம், அங்கே மேலே இழுத்த மூச்சோடுதான் கீழே போகிறோம். ஆக, பழகின திறமையே இங்கே எதிரியாகிவிடும். 'எனக்குத் தெரியாத நீச்சலா' என்கிறவனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அடுத்தது நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் மூச்சு வழியே வெளியேறிவிடும். சடாரென்று வந்தால், கோலி சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். டைவ் முடித்த உடனே விமானம் ஏறினாலும் இதே ஆபத்துதான். ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரமாவது கழிய வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படுகிற விதி.

இப்போது இரண்டு கதையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு டைவ் போட்டுவிட்டுக் கப்பலையும் விட்டவர், விமானம் பிடித்து அடுத்த ஊரில் கப்பலை எட்டிப்பிடிக்கவும் முடியாது, வீட்டுக்குப் பறக்கவும் முடியாது. கொழும்பிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனாலும் 18 மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவசரத்தில் ஏறிவிடலாம் என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் நேரத் தவறு உடல் தவறாக மாறுகிறது. மலைக்கும் இந்தக் கணக்கு உண்டு. கடலில் முங்கிவிட்டு நேராகக் கொடைக்கானல் போனால் அதுவும் 2,000 மீட்டருக்கு மேல்.

தனியாகப் பேசி வைக்கும்போது டைவிங் கடையிடம் 'எவ்வளவு' என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? படகில் ஆக்சிஜன் இருக்கிறதா? அழுத்தச் சிகிச்சை அறை எங்கே இருக்கிறது? கப்பலே வராவிட்டால் முன்பணம் திரும்புமா? கடைசிக் கேள்வி வேடிக்கை இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய இதே கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை, பயணிகள் இறங்காமலே திரும்பினார்கள். ஆஸ்துமா, காது ஆபரேஷன் போன்றவற்றைப் படிவத்தில் மறைக்கக் கூடாது. வீட்டில் எடுத்த பயண இன்சூரன்ஸில் ஸ்கூபா உண்டா என்றும் படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்காது.

இவ்வளவு பயமுறுத்தல் எதற்கு, கப்பல்காரனோடேயே போய்விடலாமே என்று கேட்கலாம். முதல் தடவை கப்பலில் போகிறவர், வயதான பெற்றோரோடு போகிறவர் தாராளமாக அப்படியே செய்யட்டும். அந்தக் கூடுதல் காசு தண்டம் இல்லை. ஆனால் பயிற்சி பெற்று அட்டை வைத்திருப்பவர், நேரக் கணக்கு போடத் தெரிந்தவர் தனியாகப் போவதுதான் நல்லது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் கிழக்குக் கரை 2004 சுனாமியைப் பார்த்தது. 2009 வரை போரைப் பார்த்தது. 2019 குண்டுவெடிப்பிலும் 2022 பொருளாதார நெருக்கடியிலும் சுற்றுலா படுத்தது. அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிட்டால் அந்தப் பக்கம் டைவிங்கும் கிடையாது. வருஷத்தில் பாதி மாதம்தான் பிழைப்பு. நிலாவெளிப் படகுக்காரர் கையில் இடைத்தரகு இல்லாமல் முழுப் பணம் சேர்கிறது என்றால், அது வெறும் சிக்கனம் இல்லை, நியாயமான வியாபாரம்.

அந்த வியாபாரத்தை இரண்டு பக்கமும் நஷ்டமில்லாமல் முடிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். கிணற்று மேட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். கப்பலில் இறங்கித் தனியாகப் போகிற அன்றைக்கு அந்தக் கயிறு, கையில் மிச்சம் வைத்திருக்கிற அந்த இரண்டே முக்கால் மணி நேரம்தான். அதை விற்றுவிடாதீர்கள்.