ஆன்பொருநைக் கரையில்



கோவையினின்று கிழக்கே ஏறத்தாழ எண்பது கல் தொலைவில் உள்ளது கருவூர். விடியலிற் பேருந்தேறினால் இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம். இருந்தும், கொங்குநாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம்மவருள் இவ்வூரைப் படுக்கைவிரிப்பும் கொசுவலையும் நெய்யும் ஊர், பேருந்துக்குக் கூடு கட்டும் ஊர் என்ற அளவில் மட்டும் அறிந்தோரே மிகுதி. சேரரின் வஞ்சி இதுவென்று நிறுவ இரா. இராகவையங்கார் ஒரு தனி நூலே எழுதினார். அன்று, மேலைக்கடற்கரைக் கொடுங்கோளூரே வஞ்சி என்பார் வழக்கும் நெடியது. அவ்வழக்கைப் புலவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினனான தாலமி என்னும் மேனாட்டான், சேரவேந்தன் வீற்றிருந்த உள்நாட்டு நகரெனக் குறித்தது கருவூரையே. அவன் அறிந்ததை நாம் அறியாதிருப்பது நாணத்தக்கது.

செல்வோர் முதலில் கோயிலுக்கே செல்வர், செல்லட்டும். ஆனால் அதன் பெயரைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தேவாரத்தில் அது கருவூர் ஆனிலை. இன்று பலகையில் எழுதியிருப்பதோ பசுபதீசுவரர். ஊரைத் தழுவியோடும் ஆறும் அவ்வாறே. கழகப் புலவர் வாயில் அது தண்ணென்ற ஆன்பொருநை. இன்றோ இந்திரன் ஊரின் பெயரைச் சுமந்து அமராவதியாக நிற்கின்றது. கோயிலும் ஆறும் ஒருசேரத் தாங்கியிருந்த 'ஆன்' என்னும் அழகிய தமிழ்ச்சொல்லை ஒருசேர இழந்தன. கருவூர் கரூரானது அத்தகையதன்று. அது நாவின் தேய்வு. அதன்மேல் நமக்குச் சினமில்லை.

அடுத்து, சேலம் செல்லும் வழியில் வேலாயுதம்பாளையத்தில் இறங்குங்கள். ஆறுநாட்டார் மலை அங்குள்ளது. மேலே முருகன் கோயில். படியேறுவோர் பெரும்பாலும் நேரே அங்குப் போய்விடுவர். இடையே பாறைக் குடைவின்கீழ் அமணத் துறவியரின் கற்படுக்கைகள் உள்ளன. கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறைச் சேரரின் பெயரைத் தமிழி எழுத்தில் தாங்கிய கல் அது. இளங்கடுங்கோ இளவரசனானபோது செங்காயபன் என்னும் துறவிக்கு அவ்வுறையுள் அறுக்கப்பட்டது. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் தலைவர்கள் இவர்களே என்பது ஐராவதம் மகாதேவனின் துணிபு. ஏட்டிலே பாடப்பட்டோர் கல்லிலே நிற்கின்றனர்! அதே மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனின் கொடையும் பொறிக்கப்பட்டுள்ளது. வேந்தனுக்கு இணையாக வணிகனும் தன் பெயரை எழுதுவித்த நாடு இது.

1973இல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை கருவூரில் அகழ்ந்தபோது உரோமரின் தேறற்சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. ஆற்றுப்படுகையோ அதனினும் வளமிக்கது. உரோமக் காசுகளும், மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழிற் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக்காசுகளும் அம்மணலில் வந்தவை. கிள்ளிவளவன் இந்நகரை முற்றியிருந்த நாளில், ஆன்பொருநையின் வெண்மணலில் மகளிர் பொற்கழங்கு ஆடியதை ஆலத்தூர் கிழார் புறநானூற்றின் 36ஆம் பாட்டில் காட்டுகிறார். அதைக் கற்பனை என்று தள்ளுவோர் இப்படுகையில் கிடைத்த பொன்மோதிரங்களைக் காண்க.

ஆயினும் இவற்றுட் பல முறையான அகழ்வில் வந்தவையல்ல. வயிற்றுப்பாட்டுக்காக மணலைச் சலிப்போர் கையில் அகப்பட்டு, வணிகர் கைக்கு மாறி, பொருளுள்ளோர் பேழையுள் அடங்கியவை. சலிப்பவரை யாம் குறைகூறோம். எவ்விடத்தில், எந்த மண்ணடுக்கில், எதனொடு கிடந்தது என்னும் செய்தி அழிந்தபின் ஒரு காசு வெறும் வெள்ளித்துண்டே. கண்டெடுத்த புதையலை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்னும் 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உள்ளது; அதை ஆற்றங்கரை மக்களுக்குத் தமிழில் எடுத்துரைத்தோர் எவர்? உரிய விலை தந்து வாங்குவோம் என்று அரசு ஊரறியச் சொல்லட்டும். காசு தானே வந்து சேரும்.

அகநானூற்றின் 93ஆம் பாட்டில் நக்கீரனார் எண்ணில் அடங்காமைக்கு உவமையாக எடுத்தது கருவூர்த் துறையின் ஆன்பொருநை மணலை. அம்மணலைத்தான் பின்வந்தோர் சரக்குந்துக் கணக்கில் எண்ணி விற்றனர். எஞ்சிய நீரிலும் சாயக்கழிவு கலந்தது. மணல் போனால் அதனுள் இருக்கும் காசும் போகும். ஆகவே நகரையொட்டிய படுகையை மணற்கொள்ளைக்கு அப்பாற்பட்ட தொல்லியற் காப்பிடமாக அறிவிக்குமாறு வேண்டுவோம்.

மற்றொன்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஆற்றுப்பாலத்தின் இருமுனையிலும் 'ஆன்பொருநை' என்று எழுதிய பலகை வேண்டும். கருவூர்த் தோழர்கள் மாநகராட்சிக்கு விண்ணப்பம் எழுதுக; கோவை, ஈரோடு, திருப்பூர்த் தோழர்கள் அதில் கையொப்பமிடுக. வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அம்மலைக்குச் செல்வோர், படியில் விரையாது பாறையடியில் சிறிது நேரம் நில்லுங்கள். வெயில் சாயும்போது எழுத்தின்மேல் நிழல் விழும். அப்போது படிக்க எளிது.