மடிக்கிற போனும் மடிஞ்ச ஃபேக்டரியும்

நேத்து செம்பரம்பாக்கம் பஸ் ஸ்டாப்புல பக்கத்துல நின்ன ஒரு தம்பி, போனை டப்புனு ரெண்டா மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டான். எனக்கு என்னவோ நோக்கியா ஞாபகம்தான் வந்துச்சு.

2008-ல நோக்கியா, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து 'மார்ஃப்'னு ஒரு கற்பனை மாடலைக் காட்டினாங்க. மடிக்கலாம், கையில வளையல் மாதிரி சுத்திக்கலாம். அப்போ நான் ஸ்கூல் பையன். பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்ல அவங்க ஃபேக்டரி ஓஹோனு ஓடிட்டிருந்துச்சு. எங்க தெரு அக்காங்க கம்பெனி பஸ்ஸுல ஷிஃப்டுக்குப் போவாங்க. 2014 நவம்பர்ல இழுத்து மூடியாச்சு.

2019-ல சாம்சங் மடக்கு போன் கொண்டு வந்துச்சு. ரிவ்யூவுக்குக் கொடுத்ததுலயே சிலருக்குத் திரை போச்சு. திரையோட மேல் பிலிமை ஸ்கிரீன் கார்டுனு நினைச்சு உரிச்சவங்களும் உண்டு :-) விற்பனையைச் சில மாசம் தள்ளி வெச்சு, சரி பண்ணித்தான் விட்டாங்க.

கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் மேல ஓஎல்இடி போட்டு வளைக்கிறது பெரிய இன்ஜினியரிங்தான், ஒத்துக்கறேன். ரெண்டு லட்சம் தடவை மடிச்சு டெஸ்ட் பண்ணினோம்னு சொன்னாங்க. சரி, திடீர்னு வேலை போன குடும்பம் எத்தனை மடிப்பு தாங்கும்னு எவனாவது டெஸ்ட் பண்ணினானா?

இன்னிக்கும் இந்த ரோட்டுல கம்பெனி பஸ்ஸுங்க போகுது. உள்ள வேற அக்காங்க. போன் வளையட்டும் மக்களே, சந்தோஷம். அதைச் செய்யறவங்க வேலை உடையாம இருக்க வழி சொன்னா, அதுதான் எனக்குப் புது டெக்னாலஜி. நீங்க என்ன சொல்றீங்க?