தலையாட்டிப் பொம்மையும் பாய்ப்படகும்

சென்ற ஞாயிறன்று சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுடன் பம்பாய் கேட்வே ஆப் இந்தியாவின் கரையில் நின்றிருந்தோம். வெண்பாய் விரித்த உல்லாசப் படகொன்று, விளிம்பு நீரைத் தொடுமளவுக்கு ஒருபுறம் சாய்ந்தவாறே விரைந்து சென்றது. "மாமா, அது ஏன் கவிழவில்லை?" என்று உடன் வந்த சிறுவன் ஒருவன் வினவினான். சரக்கு அலுவலகத்தில் ரசீது எழுதிக் காலங்கழிக்கும் நமக்கு உடனே விடை தோன்றவில்லை. வீடு திரும்பியபின், அலமாரி மேலிருந்த தஞ்சாவூர்ப் பொம்மையே அதைக் கூறிற்று.

உருண்டை அடியில் களிமண் கனம் வைத்த அந்த ராஜா பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்பதை நேயர்கள் அறிவர். பாய்ப்படகிலும் அதே உபாயந்தான். நம் கடலோர மக்கள் ஏரா என்று கூறும் அடிக்கட்டையின் கீழ் ஈயத்தையோ இரும்பையோ பொருத்திவிடுகிறார்கள். காற்று பாயைத் தள்ளுகிறது. அடிப்பாரம் படகை நிமிர்த்துகிறது. இதைத் தவிர வேறொரு வழியும் உண்டு. படகை அகலமாகக் கட்டினால், சாயும் பக்கத்தை நீரே மேலே உந்தி நிறுத்தும். அகலம் மிகுந்தால் உள்ளே இடமும் மிகும். படுக்கை, அடுப்பு, உணவு மேசை எல்லாம் தாராளமாக அமையும். ஓரறைக் குடியிருப்பில் வாழும் நம் போன்றோர் படகு வாங்கப் போனால் எதைத் தேர்வோம் என்று சொல்லவும் வேண்டுமோ!

ஆனால் அகலத்திற்கு ஒரு குறை உண்டு. பலகை ஒன்றை நீரிலிட்டால் எப்புறம் மேலாயினும் அது அமைதியாகவே மிதக்கும். அகன்று, எடை குறைந்த படகும் முற்றிலும் கவிழ்ந்துவிட்டால் அவ்வாறே கிடக்கும். நம் கட்டுமரத்தின் பெயரை ஆங்கிலத்தில் தாங்கி நிற்கும் இரட்டை உடற் படகுகளுக்கும் இஃது பொருந்தும். அவை எளிதில் சாய்வதில்லை. கவிழ்ந்தாலோ தாமாக எழுவதுமில்லை.

1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இவ்வுண்மைக்குப் பெரும் விலை கொடுக்க நேர்ந்தது. இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து அயர்லாந்தை அடுத்த பாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. நடுவழியில் கடும்புயல் எழுந்தது. படகோட்டிகள் 15 பேர் மாண்டனர். 24 படகுகள் கைவிடப்பட்டன. அவற்றுள் 5 மூழ்கின. கிரிமால்கின் என்னும் படகு தலைகீழாகப் புரண்டு சில நிமிஷங்கள் அப்படியே நின்றது. அதிலிருந்த அறுவரில் இருவர் உயிர் இழந்தனர். அக்காலத்துப் பந்தய விதிகள் அகன்ற, இலேசான வடிவத்திற்குச் சலுகை காட்டியதால், படகுகளை அமைப்போர் அவ்வழியே சென்றிருந்தனர்.

மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது அஸென்ட் என்னும் ஒரே படகு. அது காண்டெஸ்ஸா 32 என்னும் வகையைச் சேர்ந்தது. டேவிட் ஸாட்லர் 1970ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த அமைப்பு அது. நீளம் 32 அடி. அகலம் 9½ அடியே. மொத்த எடையில் ஏறக்குறைய பாதி அடிப்பாரத்திலேயே உள்ளது. பின்னர் நடந்த விசாரணையில் இவ்விரு வகைகளையும் ஒப்பிட்டனர். கிரிமால்கின் வகை 120 பாகைக்குள்ளாகவே நிமிரும் ஆற்றலை இழந்துவிடும் என்றும், காண்டெஸ்ஸா ஏறக்குறைய 155 பாகை வரை சாய்ந்தும் மீளும் என்றும் கண்டனர். 90 பாகையில் பாய்மரம் நீர்மேல் படுத்துவிடும் என்றால், 155 பாகை என்பது அநேகமாகத் தலைகீழ் நிலையே. அங்கிருந்தும் எழுகிறது!

காண்டெஸ்ஸாவில் குறையில்லாமலில்லை. உள்ளே நெருக்கம், நெடிய உருவத்தார் தலைகுனிந்தே நடமாட வேண்டும், அலை மோதும்போது தளத்திலிருப்போர் நனைந்துவிடுவர். துறைமுகத்தில் கட்டிவைத்துக் காட்டும்போது அகன்ற படகே கண்ணைக் கவரும் என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்வகையில் 700க்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. குடும்பத்துடன் நெடுங்கடல் செல்வோர் இன்றும் பழைய காண்டெஸ்ஸாக்களைத் தேடி வாங்குகிறார்கள். ஐரோப்பாவில் உல்லாசப் படகுகளை அவை தாங்கவல்ல காற்றுக்கும் அலைக்கும் ஏற்ப நான்கு வகையாகப் பிரித்தே இப்பொழுது விற்கிறார்கள். வாங்குவோர் அடுப்பையும் மெத்தையையும் பார்க்குமுன் அவ்வெழுத்தைப் பார்ப்பது நன்று.

சிறுவனுக்கு இத்தனையையும் பொம்மையை வைத்தே விளக்கினோம். அவன் அதைத் தலைகீழாகப் பிடித்து விட்டான். அது உருண்டு எழுந்தது. உடனே, "காற்று எதிரே அடித்தால் பாய்ப்படகு எப்படி முன்னே போகும்?" என்று அடுத்ததைக் கேட்டான். அதற்குப் பொம்மை உதவாது. ஒரு மாத அவகாசம் கேட்டிருக்கிறோம்.