டைமிங் செயினும் தாய்மொழியும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பார்கள் நம் பெரியவர்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிள்ளைகளில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. நான் அப்பழமொழியை மறுக்க வரவில்லை. அதன் மறுபக்கத்தைப் பேசவே இக்கட்டுரை. கறிக்கு உதவும் சுரைக்காய் நம் வீட்டுக் கொல்லையில் காய்த்துக் கிடக்கிறது. அதை ஏட்டில் எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

சென்ற விடுமுறையில் என் அப்பாவின் பழைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் டைமிங் செயினை நாங்கள் இருவரும் வீட்டு முற்றத்திலேயே மாற்றினோம். அந்த இரண்டு நாள் வேலை எனக்குள் எழுப்பிய ஒரு கேள்வியை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் ‘கப்சாய்’ மோட்டாரைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1958-இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழிவந்தவைதாம் நம் தாத்தாக்கள் ஓட்டிய சி70-யும் அப்பாக்கள் ஓட்டிய இஎக்ஸ்5-உம். பின்னர் 1996-இல் கெடா, குரூணிலிருந்து மொடெனாஸ் கிரிஸ் வந்து சேர்ந்துகொண்டது. பேருந்து நுழையாத செம்மண் சாலையில் பிள்ளையைப் பள்ளிக்கும், நோயாளியை மருத்துவமனைக்கும், அரிசி மூட்டையை வீட்டுக்கும் கொண்டு சேர்த்தவை இவை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழிசெய்தார். ஆயினும் பலர் வெளியேறத்தான் வேண்டியிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் காலியாயின. அப்படி வெளியேறியவர்கள் ஈப்போவின் தொழிற்சாலைகளுக்குத் தினமும் வேலைக்குப் போய்வர உதவியது இந்த மோட்டார்தான். பட்டறைக்குக் கொடுக்கப் பணமில்லாத காரணத்தால் அதைப் பழுது பார்க்கவும் அவர்களே கற்றுக்கொண்டார்கள். ஆகவே அந்தக் கைத்திறனை நான் அழகுபடுத்திப் பேச விரும்பவில்லை. அது வறுமை கற்றுக் கொடுத்த பாடம். ஆனாலும் அது பாடம்தான்.

இனி டைமிங் செயின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பின்சக்கரத்தை இழுக்கும் செயினை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இது வேறு. எஞ்சினுக்குள் மறைந்து ஓடுவது. கீழே கிராங்க் தண்டு, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு. இரண்டையும் இணைப்பது இச்செயின். மேலுள்ள பற்சக்கரத்தின் பற்கள் கீழுள்ளதைப் போல் இரு மடங்கு. எனவே கிராங்க் இரண்டு முறை சுற்றினால் கேம் ஒரு முறை சுற்றும். நிமிடத்திற்கு 6000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. செயின் தேய்ந்து நீண்டு ஒரு பல் தாவினால் வண்டி திணறும். மேலும் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே கெட்டுப் போகக்கூடும்.

சில பெரிய மோட்டார்களில் செயினுக்குப் பதிலாகப் பல்வைத்த ரப்பர் பெல்ட் இருக்கிறது. 1975-இல் வந்த ஹோண்டா கோல்டு விங், அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் வந்த டுகாட்டி பாண்டா ஆகியவை அப்படிப்பட்டவை. பெல்ட் பெரும்பாலும் சத்தமில்லாமலே பழையதாகும். அதனால் ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும் ஆண்டுக் கணக்குப் பார்த்து மாற்ற வேண்டும். செயின் அப்படியில்லை. முன்கூட்டியே ‘கடகட’ என்று சொல்லிவிடும். அப்பாவின் வண்டியும் சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

வேலையைத் தொடங்கினோம். எஞ்சின் எண்ணெயை வடித்து, இடப்பக்க மூடியைக் கழற்றினோம். ஃபிளைவீலைச் சுத்தியலால் தட்டக்கூடாது, அதற்கென்று உள்ள புல்லரைப் போட்டுத்தான் இழுக்க வேண்டும் என்றார் அப்பா. ஃபிளைவீலில் ‘டி’ என்ற குறி இருக்கிறது. அது எஞ்சின் உடலில் உள்ள கோட்டுக்கு நேராக நிற்கும்போது, மேலுள்ள பற்சக்கரத்தின் வட்டக் குறியும் தன் வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். பழைய செயினை எடுத்தோம். புதியதைக் கம்பியில் மாட்டி மேலே இழுத்தோம். செயினை வழிநடத்தும் ரப்பர் உருளை கல்லாக இறுகிப் போயிருந்தது. அதையும் மாற்றினோம். அது நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டிய மரத்து ரப்பர் இல்லை. இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பிவிடும். எண்ணெயில் கிடக்கும் உறுப்புக்குச் செயற்கை ரப்பர்தான் வேண்டும்.

பற்சக்கரத்தின் போல்டுகளை நான்தான் முடுக்கினேன். அப்பாவுக்குக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. குறி நேராக நிற்கிறதா என்று கேட்டார். நிற்கிறது என்றேன். எல்லாவற்றையும் மூடி, எண்ணெய் ஊற்றி, கிக்கரை உதைத்தோம். வண்டி வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தது. எழுந்தும் இழுவையில்லை. அப்பா திட்டவில்லை. “ரெண்டு சுத்து சுத்திப் பாத்தியா தம்பி?” என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை. போல்டை முடுக்கும்போது ஃபிளைவீல் சற்று நகர்ந்து, செயின் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் மீண்டும் பிரித்தோம். ஏன் இரண்டு சுற்று, ஒரு சுற்று போதாதா என்று கேட்டேன். “அப்படித்தான் பாக்கணும். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அப்படித்தான் சொன்னாரு” என்றார். காரணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் கேம் ஒரு முழுச் சுற்றை முடித்து, இரு குறிகளும் பழைய இடத்துக்கு ஒருசேரத் திரும்பும். பற்சக்கர விகிதக் கணக்கை எத்தனையோ தேர்வுகளில் சரியாகப் போட்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கு, மூடியைப் போடுமுன் என் கையை எச்சரிக்கவில்லை. அப்பாவிடம் விதி இருந்தது, காரணம் இல்லை. என்னிடம் காரணம் இருந்தது, விதி இல்லை. ஒரே வீட்டில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் இவ்விரண்டும் ஒருமுறைகூடச் சந்தித்துக் கொள்ளவில்லை. ஏன்?

என் பதில் இதுதான்: சந்திப்பதற்கு எங்களுக்குள் ஒரு மொழி இல்லை. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் எந்திரம் பற்றிய என் தமிழ் பன்னிரண்டு வயதிலேயே நின்றுவிட்டது. நெம்புகோல், கப்பி, பற்சக்கரம், ஆப்பு, திருகு என்று தமிழ்ப்பள்ளியில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அவை துவாஸ், தாக்கால், கியர் ஆயின. பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். அப்பாவோ ஸ்பானர், செயின், மார்க்கு என்று கையால் பேசுகிறவர். அவருக்குத் தெரிந்ததை நான் எழுதவில்லை. நான் படித்ததை அவருக்குச் சொல்லவும் இல்லை.

நம் சமுதாயம் மொழிக்காகக் குரல் கொடுக்காமல் இல்லை. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோதும், 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோதும் தமிழ்ப்பள்ளிகளில் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று வாதாடினோம். அந்த வாதம் நியாயமானது. ஆனால், தமிழில் அறிவியல் படித்துவிட்டு வெளியே வரும் மாணவன் பன்னிரண்டு வயதுக்குப் பின் தமிழில் எதைப் படிப்பான்? நம் ஆண்டிதழ்களையே எடுத்துக்கொள்வோம். தமிழன்னைக்குக் கவிதை உண்டு. காதலுக்கும் கண்ணீருக்கும் கதை உண்டு. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? இக்குறையில் எனக்கும் பங்குண்டு. நானும் கவிதைதான் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

‘காணொளிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் குவிந்து கிடக்கின்றனவே’ என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மை. நானும் பார்த்தேன். ஆனால் அவற்றில் என் அப்பாவின் அறிவு இல்லை. ‘மின்சார மோட்டார் வந்துவிட்டால் டைமிங் செயினே இராதே’ என்றும் கேட்கலாம். அதுவும் உண்மை. செயின் போகட்டும். ஆனால் ஒரு தலைமுறை கற்றது அடுத்த தலைமுறைக்கு எழுத்தில் வராமல் போகும் வழக்கம் அப்போதும் தொடருமே! கோலகங்சாரில் 1877-இல் நடப்பட்ட ரப்பர் மரங்களில் ஒன்றை வேலியிட்டுப் பாதுகாக்கிறார்கள். மகிழ்ச்சி. அம்மரத்தின் வழித்தோன்றல்களில் பால் வெட்டியவர்கள், பட்டையின் உள்ளடுக்கு காயமாகாமல் கத்தியை எவ்வளவு ஆழம் செலுத்த வேண்டும் என்பதைக் கையாலேயே அறிந்திருந்தார்கள். அந்த அறிவைத் தமிழில் எழுதி வைத்த வீடு நம்மில் எத்தனை?

எழுத்து சோறு போடுமா என்ற கேள்வியும் வரும். போடும். பட்டறையில் பல ஆண்டுகள் உழைத்தவர், வகுப்பறைக்குப் போகாமலே தம் அனுபவத்தின் அடிப்படையில் மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதற்கும் செய்த வேலைகளைத் தொகுத்து எழுதிக் காட்ட வேண்டும். கை தெரிந்தவர்களில் பலர் அந்த எழுத்தில்தான் தடுக்கி நிற்கிறார்கள். ஈப்போவில் 1969-இல் தொடங்கப்பட்ட உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும் நாட்டின் பிற கல்லூரிகளிலும் பொறியியல் படிக்கும் நம் மாணவர்கள், அண்டை வீட்டு மாமா ஒருவருக்கு இத்தொகுப்பைச் செய்து கொடுத்தால் அது சிறிய உதவியாக இராது.

எனவே நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஒவ்வோர் உறுப்பினரும் வீட்டிலுள்ள ஒரு வேலையை எழுதி வரட்டும். அம்மாவின் தையல் இயந்திரம், பாட்டியின் பால்வெட்டுக் கத்தி, மாமாவின் கார்புரேட்டர் எதுவானாலும் சரி. மூன்று நிபந்தனைகள் போதும். முதலாவது, அவரோடு உட்கார்ந்து ஒருமுறையேனும் அந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். இரண்டாவது, எப்படி என்பதோடு ஏன் என்பதையும் எழுத வேண்டும். மூன்றாவது, எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். டைமிங் செயினை வீட்டில் மாற்றலாம். கிராங்க் பெட்டியைப் பிளப்பது வேறு வேலை. தூய தமிழ்ச்சொல் கிடைக்கவில்லையே என்று யாரும் தயங்க வேண்டாம். ‘ஸ்பானர்’ என்றே எழுதுங்கள். சொல்லைப் பிறகு தேடிக்கொள்ளலாம். அறிந்தவர் போய்விட்டால் அறிவைத் தேட முடியாது.

நான் என் பங்கை எழுதிவிட்டேன். நான்கு பக்கம், இரண்டு படம். அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு, “டென்ஷனர்ல எண்ணெய் ஊத்துறத உட்டுட்டியே” என்றார். ஆம், விட்டுவிட்டேன். செயினைத் தளராமல் தாங்கும் அந்தத் தள்ளுகோலின் அறையில் சிறிது எஞ்சின் எண்ணெய் விட்டுத்தான் மூட வேண்டும். இல்லையென்றால் புதுச் செயினும் தொடக்கத்தில் சத்தம் போடும். அதையும் சேர்த்து எழுதினேன். உங்கள் பக்கங்களையும் அடுத்த இதழில் காண ஆவலோடு காத்திருக்கிறேன்.