மழைக்கு விடுமுறை, யானைக்கு?

ஜூன் பிறந்து மழை வலுத்துவிட்டால், நீலகிரியின் மேற்குக் கோடியில் விடிந்ததும் கைப்பேசியைத் தேடுவது ஒரு வரிக்காகத்தான்: கூடலூர், பந்தலூர் தாலுகா பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. ஊட்டியில் தூறலோடு நின்றுவிட்ட நாளிலும் தேவாலாவிலும் சேரம்பாடியிலும் கொட்டித் தீர்க்கும் என்பதால், மாவட்ட ஆட்சியர் இந்த இரண்டு தாலுகாக்களுக்கு மட்டும் தனியாக விடுமுறை விடுவது வழக்கம். அதே கைப்பேசியில், பல நாள் அதே நேரத்தில், இன்னொரு செய்தியும் வருகிறது. இன்ன எஸ்டேட்டில், இன்ன வளைவுக்குப் பக்கத்தில் யானை நிற்கிறது, அந்த வழியாக யாரும் போக வேண்டாம். முதல் செய்தியைப் படித்த அம்மா பிள்ளையை இன்னும் ஒரு மணி நேரம் தூங்க விடுகிறார். இரண்டாவதைப் படித்துவிட்டு அதே அம்மா சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கக் கிளம்புகிறார். போவதும் அந்த வழியாகத்தான். இரண்டுமே எச்சரிக்கைகள். ஒன்றுக்குப் பின்னால் அரசு உத்தரவு இருக்கிறது, மற்றதற்குப் பின்னால் யாரும் இல்லை. மலைப்பகுதியில் யானை எச்சரிக்கைக்காகக் கொண்டுவரப்படும் கருவிகளின் பலன் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வீணாகிறது.

பந்தலூரை ஏதோ காட்டோரக் குக்கிராமம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. தாலுகா தலைமையிடம், நெல்லியாளம் நகராட்சியின் மையம். பஸ் ஸ்டாண்டு, வங்கி, ஜவுளிக்கடை, மொபைல் ரீசார்ஜ் கடை எல்லாம் உள்ள ஊர். ஒரு பக்கம் வயநாடு, இன்னொரு பக்கம் நிலம்பூர் காடுகள், கிழக்கே முதுமலை. இவற்றுக்கு நடுவே யானை போய்வரும் வழியெல்லாம் தேயிலை. பணியரும் காட்டுநாயக்கரும் முன்பிருந்தே வாழ்ந்த இடத்தில் தனியார் தோட்டங்கள் வந்தன. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசே தேயிலை போடத் தொடங்கியது. அதுதான் இன்றைய டேன்டீ, அதாவது அரசின் தேயிலைத் தோட்டக் கழகம். தோட்டத்தோடு தொழிலாளர்களுக்கான லைன் வீடுகள் வந்தன, வீட்டுக்கு வீடு வாழையும் பலாவும் வந்தன. பலா பழுப்பதும் மழை பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே காலம். யானைக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

கைப்பேசிக்கு முன்னால், யானை வந்த தகவல் டீக்கடைக்கு வந்து, அங்கிருந்து முதல் பஸ்ஸோடு ஊர் ஊராகப் போகும். இப்போது அது வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக வருகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு டவுனிலிருந்து வீடு திரும்பலாமா, டியூஷன் போன மகளை யார் போய்க் கூட்டிவருவது, ஆட்டோக்காரர் அந்த ரோட்டுக்கு வருவாரா என்ற தீர்மானமெல்லாம் அதைக் கேட்ட பிறகுதான். பெருநகரத்துக்காரர் போக்குவரத்து நெரிசலைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பதைப் போலத்தான் இதுவும் அன்றாடமாகிவிட்டது. ஆனால் இந்தப் பழக்கத்தால் முழுப் பலன் பெறுபவர் யார் என்று பார்த்தால், தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொள்ள முடிந்தவர்தான்: கடைக்காரர், ஜீப் வைத்திருப்பவர், அலுவலகத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் யாரும் கேட்காதவர். கூலிக்கு நடந்து போகிறவருக்குத் தகவல் கிடைக்கிறது, தாமதிக்க வழி கிடைப்பதில்லை.

வேலைக்களத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். காலையில் மஸ்டர். பெயர் கூப்பிடும் நேரத்தில் நிற்காவிட்டால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் கூலி, போச்சு. மேஸ்திரி நல்ல மனதுக்காரராக இருந்தால் அரைப்பேர் விழும். அதன் பிறகு எத்தனை கிலோ கொழுந்து எடை போட்டார் என்பதில் மீதிக் கணக்கு. அரை மணி நேரம் யானைக்காக லைன் வாசலில் காத்திருந்தால், கைவிட்டுப் போவது அரை மணி நேரக் கூலி மட்டுமில்லை. அதனால் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, புதர் ஓரத்தை விட்டு நடுரோட்டில் நடக்கிறார்கள். இது கைப்பேசி வருவதற்கு முன்பிருந்த அதே பாதுகாப்பு முறை. ஆளுக்கொரு போன் வந்தும் கடைசியில் கைகொடுப்பது பாட்டி காலத்துப் பழக்கம் என்றால், நடுவில் எதையோ செய்யாமல் விட்டுவிட்டோம்.

எச்சரிக்கையால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு நேர்மாறான சான்று வால்பாறையில் இருக்கிறது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆனந்தகுமாரும் குழுவினரும் 2002 முதல் அங்கே யானைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவானது: இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர், யானை அங்கே நிற்பது தெரியாமலேயே எதிரில் போய் மாட்டியவர்கள். அதனால் உள்ளூர் கேபிள் டிவியில் மாலையில் யானை இருக்கும் இடத்தை ஓடவிட்டார்கள், 2011-லிருந்து குறுஞ்செய்தி அனுப்பினார்கள், மேட்டில் சிவப்பு விளக்குக் கம்பம் நட்டு அதைக் கைப்பேசி அழைப்பால் எரியவைத்தார்கள். ஆரம்பத்தில் குழுவினர் எரியவைத்த விளக்கைப் போகப்போக ஊர்க்காரர்களே எரியவைத்தார்கள். இறப்புகள் குறைந்தன, 2015-ல் ஆனந்தகுமாருக்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. இந்த முயற்சியைப் பலரும் தொழில்நுட்பத்தின் வெற்றியாகவே எழுதுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது நேரம். கேபிள் டிவிச் செய்தியும் சிவப்பு விளக்கும் பெரும்பாலும் உதவியது மாலையிலும் இரவிலும், வேலை முடிந்து வீடு திரும்பும்போது. ஒரு பஸ் தள்ளி ஏறினாலும், சுற்றுவழியில் போனாலும் அப்போது கூலி குறையாது. காலையில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

மதுக்கரையில் நடப்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் கோவை வனத்துறை அங்கே ரயில் பாதையோரம் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்களை நிறுவியது. தண்டவாளத்துக்கு அருகே யானை வந்தால் தகவல் ரயில்வேக்குப் போகிறது, ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். அங்கே எச்சரிக்கை போய்ச் சேருவது தனி மனிதரிடம் இல்லை, ஒரு துறையிடம். வேகத்தைக் குறைத்ததற்காக ஓட்டுநரின் சம்பளத்தில் யாரும் கைவைப்பதில்லை. யானைக்காக ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் தாமதிக்கலாம் என்று ஏற்றுக்கொண்ட நாட்டில், ஒரு மஸ்டர் தாமதிக்கலாம் என்பதை ஏன் ஏற்க முடியவில்லை?

இருக்குமிடம் தெரிந்தாலே போதும் என்ற நம்பிக்கைக்கு பந்தலூர் வட்டாரமே பதில் சொல்லிவிட்டது. அரிசியைத் தேடி வீடுகளை இடித்ததால் ‘அரிசி ராஜா’ என்று பெயர் வாங்கிய பி.எம்.2 என்ற மக்னா (தந்தமில்லாத ஆண்) யானையை 2022 டிசம்பரில் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2023 ஜனவரி முதல் வாரத்தில் அது வயநாட்டின் சுல்தான் பத்தேரி கடைவீதியில் நின்றது. நடந்து போனவரைத் தாக்கியது. 2024 பிப்ரவரியில் அதே வயநாட்டின் மானந்தவாடி அருகே வீட்டு வளாகத்துக்குள் ஒருவரை அடித்துக் கொன்ற யானையும் கர்நாடகத்தில் காலர் மாட்டி விடப்பட்டதுதான். யானை எங்கே இருக்கிறது என்பதைத் திரை காட்டும். அடுத்த தெருவில் நடந்து வருகிறவரைத் தடுத்து நிறுத்த அதனால் முடியாது. ‘யானையைப் பிடித்து வேறெங்காவது விட்டால் எல்லாம் சரியாகும்’ என்பவர்களுக்கும் இதுவே விடை. பிடிக்க வேண்டிய யானைகள் சில இருக்கலாம். மற்றபடி இந்த வழியைப் பயன்படுத்தும் யானைகள் அடுத்த வருடமும் வரத்தான் போகின்றன.

தகவல் யாரைச் சேர்கிறது என்ற கேள்வியும் சின்னதில்லை. மழையில் மரம் சாய்ந்தால் மின்சாரம் போகும். நீண்ட நேரம் வராவிட்டால் டவரும் ஓய்ந்துவிடும். ஆக, யானை பலாவுக்கு இறங்கும் காலமே கைப்பேசி ஊமையாகும் காலமாகவும் அமைந்துவிடுகிறது. 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தை ஒட்டிய நில உரிமைச் சிக்கல் முழுசாகத் தீராததால், மின் இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அவர்களுக்கு போனில் சார்ஜ் ஏற்றுவதே ஒரு வேலை. மொழி இன்னொரு சுவர். 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிய 3 வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. அந்தப் பகுதியில் சிறுத்தை சுற்றுவதும் ஆட்களைத் தாக்குவதும் முன்பே ஊரறிந்த விஷயம். மறுநாளே அதை மயக்க ஊசி போட்டுப் பிடிக்க முடிந்தது என்றால், முந்தைய நாட்களில் அந்தப் பாதையில் ஒரு வண்டியையோ இரண்டு காவலர்களையோ நிறுத்தியிருக்க முடியாதா? தமிழிலும் மலையாளத்திலும் ஓடும் குழுச் செய்தி அந்தத் தாயின் காதுக்கு எட்டியிருந்தாலும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு அவர் அந்த வழியாகத்தான் நடந்திருக்க வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களின் மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. கொழுந்து காத்திருக்காது, சுற்று தவறினால் இலை முற்றிவிடும், முற்றிய இலைக்கு விலை இறங்கும். இப்போதே நஷ்டத்தில் ஓடும் தொழில் இது. டேன்டீயே தாங்க முடியாமல் 2,152 ஹெக்டேரை வனத்துறையிடம் ஒப்படைக்க 2022-ல் அரசு முடிவெடுத்தது. இதில் யானை வந்த நாளெல்லாம் வேலை இல்லை என்றால் ஃபேக்டரியைப் பூட்ட வேண்டியதுதான் என்பார்கள். ஆனால் இங்கே கேட்பது வேலை நிறுத்தம் அல்ல. ஆள் நடக்கும் வழியில் யானை நிற்கும் காலைகளில், அந்த டிவிஷனுக்கு மட்டும், ஒன்றிரண்டு மணி நேரம் மஸ்டரைத் தள்ளி வைப்பது. அன்றைக்குப் பேர் முழுசாகவே விழட்டும், பறிக்க வேண்டிய கிலோக் கணக்கும் அதற்கேற்பக் குறையட்டும். அல்லது வேறு ஃபீல்டுக்கு லாரியில் ஏற்றிப் போவது. கனமழையில் பறிப்பு தாமதமாவது தோட்டத்துக்குப் புதிதில்லை, அந்த நஷ்டத்தை ஏற்கெனவே கணக்கில் வைத்துத்தான் நடத்துகிறார்கள். ‘வேலைக்கு வராமலிருக்க யானை வந்தது என்று கதை கட்டுவார்கள்’ என்பது இன்னொரு சந்தேகம். தொழிலாளர் மீது இந்தச் சந்தேகம் மட்டும் எப்போதும் சார்ஜ் குறையாமல் இருக்கிறது! யானை நிற்பதை உறுதி செய்ய வேண்டியது வனத்துறை, அதற்குத்தான் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் வெப்பமறியும் டிரோன்களும் இருக்கின்றன. உத்தரவும் அங்கிருந்தே வரட்டும். தொழிலாளர் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, உடனடி ஆபத்து தெரிந்தால் நிர்வாகத்தை எச்சரிக்கும் உரிமையை அபாயகரமான வேலை நடக்கும் ஆலைகளின் தொழிலாளருக்குக் கொடுத்தார்கள். எச்சரித்தால் நடவடிக்கை எடுக்கும் கடமை நிர்வாகத்துடையது என்றும் வைத்தார்கள். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, கழிப்பறை, குழந்தைக் காப்பகம் என்று பட்டியலிட்டது. விடியற்காலையில் வேலைக்களத்துக்கு நடக்கும் ஒற்றையடிப் பாதை அதன் கண்ணில் படவில்லை. எல்லைக்கு அப்பால் கேரளம் 2024 மார்ச்சில் மனித–வனவிலங்கு மோதலை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் மட்டும் வயநாட்டில் சாவு நின்றுவிடவில்லை என்பது உண்மை. ஆனால் பேரிடர் என்று ஒப்புக்கொண்டால், மழைக்குப் போடுவது போல ஓர் உத்தரவைப் போட ஆட்சியருக்குத் தெளிவான பிடி கிடைக்கிறது. கூடுதல் கேமரா கேட்டு எழுதும் கோப்புகள் வேகமாக நகர்கின்றன. கூலி நேரத்தைத் தொடும் கோப்பு நகர்வதில்லை, ஏனென்றால் முதலாவதில் வாங்குவதற்கு ஒரு பொருள் இருக்கிறது.

தொடங்க வேண்டிய இடம் டேன்டீ. அங்கே முதலாளியும் அரசு, யானைக்குப் பொறுப்பான துறையும் அரசு. டேன்டீ நிர்வாகமும் வனத்துறையும் ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்திட்டால் போதும். பந்தலூர் வட்டாரத்தின் சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம் டிவிஷன்களில் ஒரு மழைக்காலம் நடத்திப் பார்த்தால் எத்தனை நாள் மஸ்டர் தள்ளிப் போனது, எத்தனை கிலோ குறைந்தது என்று கணக்கு கிடைத்துவிடும். தனியார் தோட்டங்களோடு பேசும்போது தொழிற்சங்கங்களுக்கும் அது கையில் இருக்கும். குழுச் செய்தியை இந்தியிலும் குரல் பதிவாகப் போட வேண்டும், சிக்னல் இல்லாத லைன்களுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஜீப் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிவிப்பு ஆறு மணிக்குள் வந்துவிட வேண்டும். ஏழு மணிக்கு வந்தால் பாதிப் பேர் அந்த ரோட்டில் இருப்பார்கள்.