வெளியீட்டோடு வேலை முடிவதில்லை

2024-ம் வருஷம் ஜூலை மாதம் 19-ந் தேதி, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிஷம். அமெரிக்காவின் கிரௌட்ஸ்டிரைக் கம்பெனி தன் வாடிக்கைக்காரர்களின் கம்ப்யூட்டர்களுக்குச் சிறு கோப்பு ஒன்றை அனுப்பிற்று. கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழைவோரைத் தடுக்கும் மென்பொருளுக்கான வழக்கமான திருத்தம் அது. 78 நிமிஷங்களில் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. ஆயினும், 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஸ்தம்பித்தன என்று மைக்ரோசாப்ட் கணக்கிட்டது.

ஆஸ்பத்திரிகளும் பாங்குகளும் தவித்தன. இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான சீட்டைச் சிப்பந்திகள் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அமெரிக்காவில் டெல்டா கம்பெனி மட்டும் சில நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானப் பிரயாணங்களை ரத்துச் செய்தது.

ஏன் இந்த விபரீதம்?

திட்டம், வரைவு, நிரல் எழுதுதல், பரீட்சை, வெளியீடு, பராமரிப்பு - மென்பொருள் கடந்து செல்லும் படிகள் இவை. கட்டிய வீட்டுக்கு வருஷாவருஷம் வெள்ளையடிப்பது போன்றதே பராமரிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், சிறு திருத்தமும் சில சமயம் அஸ்திவாரத்தையே அசைத்துவிடும்.

கோளாறு அன்று பிறந்ததல்ல. அதே வருஷம் பிப்ரவரியில் சேர்த்த புது வசதி ஒன்று 21 விவரங்களை எதிர்பார்த்தது. அவற்றைக் கொண்டுவந்து கொடுக்கும் பகுதியோ 20 விவரங்களையே கொடுத்தது. பரீட்சைகளில் 21-வது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்ற குறியே இருந்தபடியால் குறை வெளிப்படவில்லை. மார்ச், ஏப்ரலில் அனுப்பிய கோப்புகளும் தொல்லை தரவில்லை. ஜூலையில் வந்த கோப்பு முதன்முதலாக அந்த 21-வது விவரத்தைத் தேடிற்று. அது இல்லாமற்போகவே, இயந்திரம் நின்றது. கோப்பைச் சரிபார்த்த நிரலும் 21 விவரங்கள் உண்டென்றே நம்பியிருந்தது!

ஒரு சோறு பதம்

இதைவிடப் பெரிய பிழை மற்றொன்று. அந்த மென்பொருளின் புதுப் பதிப்பை எப்பொழுது ஏற்பது என்பதை வாடிக்கைக்காரர்கள் தீர்மானிக்கலாம். இத்தகைய கோப்புகளுக்கோ அப்பொழுது அந்த ஏற்பாடு இருக்கவில்லை; எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தன. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்ப்பது வீட்டுப் பெண்கள் அறிந்த முறை. முதலில் சில கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால், சேதம் அங்கேயே நின்றிருக்கும். பின்னர் அந்தக் கம்பெனியும் படிப்படியாக அனுப்பும் முறையை ஏற்றது.

கோப்பை நிறுத்த 78 நிமிஷம் போதுமாயிருந்தது. ஆனால் முடங்கிய இயந்திரங்களில் பலவற்றின் முன் ஆள் உட்கார்ந்து, கையாலேயே கோப்பை நீக்க வேண்டியிருந்தது. அதற்கு நாட்கள் பிடித்தன. மென்பொருள் வாங்கும் ஸ்தாபனங்கள் விலையையும் வசதியையும் விசாரிப்பதோடு நிற்கலாகாது. நாளை வரும் திருத்தத்தை முதலில் யாரிடம் பரீட்சிக்கிறார்கள், தவறினால் எப்படித் திரும்பப் பெறுவார்கள் என்பதையும் கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே விவேகம்.