ஜக்கார்டு அட்டையும் மேக்ரோவும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பார்க்கும் நண்பர் ஒருவர், தினமும் மாலையில் இரண்டு மணிநேரம் ஒரே வேலையைச் செய்கிறார். பேக்கிங் லிஸ்ட் தயாரிப்பது. பெட்டி எண், நிறம், சைஸ், எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை. ஒரு பையர் கேட்கும் வரிசை இன்னொருவருக்கு ஆகாது. ஆகவே அதே கணக்கை எக்ஸெலில் வெட்டி, ஒட்டி, கூட்டி மீண்டும் அனுப்புகிறார். மேக்ரோ பதிவு செய்துகொள்ளலாமே என்றேன். "அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவிங்களுக்குங்ணா" என்றார்.

கொங்கு மண்ணிலிருந்து இப்படியொரு பதில் வருவது எனக்கு விந்தையாகவே படுகிறது. சிறுமுகையின் பட்டுத் தறிகளுக்கு மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. துளையிட்ட அட்டைகள் அதில் ஒவ்வொன்றாகத் திரும்பும்; துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும், இல்லாத இடத்தில் எழாது. ஒருமுறை துளையிட்ட மயில் சேலைதோறும் வந்துகொண்டிருக்கும். 1804-இல் பிரான்ஸில் உருவான இந்த முறையை நம் நெசவாளர்கள் கணினி படித்தா கற்றார்கள்?

மேக்ரோவும் ஏறக்குறைய அதுதான். 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளிலேயே, விசையழுத்தங்களை எழுதிவைத்துத் திரும்ப இயக்கும் வசதி இருந்தது. எக்ஸெலில் 'ரெக்கார்டு மேக்ரோ' பொத்தானை அழுத்தி, வேலையை நிதானமாக ஒருமுறை செய்து நிறுத்தினால் போதும். நிரலை அதுவே எழுதிக்கொள்ளும். பதிவைத் தொடங்குமுன் 'ரிலேட்டிவ் ரெஃபரன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், எங்கே நின்று இயக்கினாலும் பழைய கட்டத்திலேயே போய் எழுதும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மேக்ரோ செய்ததை 'அன்டூ' கொண்டு மீட்கவும் முடியாது. கோப்பின் நகலில்தான் பழக வேண்டும்.

தமிழுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கட்டங்களில் அழகாக அமரும் நம் எழுத்து, நிரல் எழுதும் சன்னலில் வெறும் கேள்விக்குறிகளாகிவிடுகிறது. 'க' என்று எழுத, அதன் யூனிகோடு எண்ணான 2965-ஐக் கொடுக்க வேண்டியிருக்கிறது. (இத்தனை ஆண்டுகளாகியும்!) தமிழ்த் தலைப்புகளைத் தனி ஷீட்டில் தட்டிவைத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் செய்வது எளிய வழி. பிறர் அனுப்பும் மேக்ரோவைத் திறப்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. 1999-இல் மெலிஸ்ஸா வைரஸ் அவ்வழியாகத்தான் உலகெங்கும் பரவியது.

நண்பரின் உண்மையான தயக்கம் வேறு என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு மணிநேர வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தால், முதலாளி தன்னை எதற்கு வைத்துக்கொள்வார்? இதை அறியாமை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. மிச்சமாகும் நேரம் உழைப்பவனுக்கே சேரும் என்று எந்தத் தொழிலிலும் யாரும் உறுதி தந்ததில்லை. ஆனால் ஒரு பெட்டியின் எடை ஐயத்துக்குரியது என்று மேக்ரோவுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அதை வெளியாள் வந்து எழுதுவதைவிட அவரே எழுதுவது மேல் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து அழைத்தார். மேக்ரோ பிழையின்றி ஓடுகிறதாம். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. லிஸ்டை வழக்கம்போல ஏழு மணிக்குத்தான் அனுப்புகிறார்.